ஸ்விட்சை மாற்றும் முன்: ஃபாக்ஸ்புரோ, ஆக்சஸ் மென்பொருள் நெட்வொர்க்கில் இழுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒருத்தர் மட்டும் இருந்தால் பறக்குது, இரண்டாவது ஆள் திறந்ததும் இழுக்குது." டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ, பாரடாக்ஸ், ஆக்சஸ் என்று எதில் எழுதிய பழைய மென்பொருளாக இருந்தாலும் புகார் இதே வார்த்தைகளில்தான் வரும். பாதி விடை அந்தப் புகாருக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் முதலில் ஸ்விட்சை மாற்றுவார்கள், பிறகு கேபிளை, கடைசியில் சர்வரையே. பணம் செலவாகும், வேகம் அப்படியே இருக்கும்.

இந்த வகை மென்பொருளில் டேட்டாபேஸ் சர்வர் என்று ஒன்று கிடையாது. ஷேர் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) வைத்திருக்கும் கணினி, கேட்ட பைட்டுகளை எடுத்துக் கொடுக்கும் கிடங்கு மட்டுமே. தேடுவது, வரிசைப்படுத்துவது, இண்டெக்ஸைப் புரட்டுவது எல்லாம் பயனரின் கணினியில் நடக்கிறது. ஒரு பில்லைத் தேட வேண்டுமானால் அந்தக் கணினி கோப்பைத் திறக்கும், ஹெட்டரைப் படிக்கும், இண்டெக்ஸின் மேல்பக்கம், அடுத்த பக்கம், கடைசிப் பக்கம் என்று இறங்கும், ரெக்கார்டைப் படிக்கும், தேவையானால் பூட்டும், பிறகு விடுவிக்கும். பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும்.

அதனால் அலைவரிசையை அளப்பதுதான் முதல் தவறு. கிகாபிட் இணைப்பில் 1 ஜிபி கோப்பு ஏறக்குறைய 10 விநாடியில் நகலாகிவிட்டால் "நெட்வொர்க் நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சோதனை குழாயின் அகலத்தைத்தான் சொல்லும், போய்வரும் நேரத்தைச் சொல்லாது. ஒரு அறிக்கைக்கு 5,000 முறை கேட்டுப் பதில் வாங்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு நடைக்கு 0.5 மில்லிசெகண்ட் ஆனால் மொத்தம் 2.5 விநாடி. வைஃபையில் அதுவே 5 மில்லிசெகண்ட் ஆனால் 25 விநாடி. விபிஎன் வழியாக 30 மில்லிசெகண்ட் என்றால் இரண்டரை நிமிடம். 1 கிகாபிட்டை 10 கிகாபிட் ஆக்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. முதலில் பார்க்க வேண்டியது பிங், அதாவது ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஆகும் நேரம். ஒரே கட்டடத்துக்குள் வயர் இணைப்பில் அது 1 மில்லிசெகண்டுக்குக் கீழே நிற்க வேண்டும், துள்ளவும் கூடாது.

சோதனையைப் பிரிக்காமல் செய்வது இரண்டாவது தவறு. இதில்தான் அதிக நாட்கள் வீணாகின்றன. முதலில் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, கோப்பு இருக்கும் கணினியிலேயே, ஷேர் பாதை வழியாக இல்லாமல் நேரடி டிரைவ் பாதையில் மென்பொருளை ஓட்டி, மெதுவான அந்த ஒரே வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே இழுத்தால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம். இண்டெக்ஸ் இல்லாமை, பருத்துப்போன கோப்பு, டிஸ்க் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். அடுத்து ஒரே ஒரு பயனர் கணினியில், வேறு யாரும் திறக்காத நிலையில் அதே வேலை. மூன்றாவதாக, இன்னொரு கணினியில் அதே அட்டவணைகளைத் திறந்து சும்மா விட்டுவிட்டு, முதல் கணினியில் மறுபடியும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் எல்லா இடத்திலும் மென்பொருளை மூடிவிட்டுத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் கேஷில் இருப்பது எண்களைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது சோதனை வேகமாகவும் மூன்றாவது பல மடங்கு மெதுவாகவும் வந்தால், புதிதாகச் சேர்ந்த கணினியில் கோளாறு என்று முடிவுகட்டாதீர்கள். தனியாக இருந்த பயனருக்கு விண்டோஸ் ஒரு சலுகை தந்திருந்தது. ஆப்லாக் என்றும் புதிய பதிப்புகளில் லீஸ் என்றும் சொல்லப்படும் அந்தச் சலுகை இருக்கும்வரை, படித்ததையும் பூட்டியதையும் பயனர் கணினி தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. வேறொருவர் கோப்பைத் திறந்ததும் சர்வர் அதைத் திரும்பப் பெறுகிறது. அதன்பின் ஒவ்வொரு படிப்பும் ஒவ்வொரு பூட்டும் வயரில்தான் போய்வர வேண்டும். மூன்றாவது சோதனையில் தெரிவதுதான் உங்கள் மென்பொருளின் உண்மையான நெட்வொர்க் வேகம். இங்கே செய்ய வேண்டியது நடைகளைக் குறைப்பது.

அதைச் செய்யாமல் பழைய ரெஜிஸ்ட்ரி குறிப்புகளைத் தேடிப் போடுவது அடுத்த தவறு. "எனேபிள்ஆப்லாக்ஸ்" மதிப்பைப் பூஜ்யமாக்கு என்ற அறிவுரை, விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் நெறிமுறையான எஸ்எம்பியின் 1 ஆம் பதிப்புக் காலத்துக்கு உரியது. எஸ்எம்பி 2, 3 இல் அது வேலை செய்யாது. வேலை செய்யவில்லையே என்று எஸ்எம்பி 1 ஐ மறுபடி நிறுவுவது இன்னும் மோசம். 2017 இல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான், விண்டோஸ் 10 இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாக நீக்கியும் வருகிறது. எந்தப் பதிப்பில் இணைந்திருக்கிறோம் என்பதைப் பவர்ஷெல்லின் கெட்-எஸ்எம்பிகனெக்ஷன் கட்டளை டயலெக்ட் பத்தியில் காட்டும்.

புதிய விண்டோஸ் சர்வர் பதிப்புகளில் செட்-எஸ்எம்பிஷேர் கட்டளையில் லீசிங்மோட் என்பதை நன் (எதுவும் இல்லை) என்று வைத்து ஒரு ஷேருக்கு மட்டும் லீஸை நிறுத்தலாம். ஆக்சஸில் "டேட்டாபேஸ் சீரற்ற நிலையில் உள்ளது" என்ற பிழை அடிக்கடி வருகிற இடத்துக்கான மருந்து அது. வேகத்துக்காக அதைச் செய்தால் முதல் பயனரும் மெதுவாகிவிடுவார், அவ்வளவுதான். பயனர் கணினியின் மூன்று கேஷ் ஆயுள்களும் அப்படியே: கோப்பு விவரத்துக்கு 10 விநாடி, டைரக்டரிக்கு 10, 'கோப்பு இல்லை' என்ற பதிலுக்கு 5. ஒரு கணினி உருவாக்கிய கோப்பு இன்னொன்றின் கண்ணில் உடனே படாத மென்பொருளுக்கு இவற்றைப் பூஜ்யமாக்குவதில் அர்த்தம் உண்டு, ஆனால் நடைகள் கூடும்.

ஆக்சஸில் மிகப் பெரிய இழப்பு, யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்து வைக்கும் லாக் கோப்பில் நடக்கிறது. பின்தளக் கோப்பை (அட்டவணைகள் இருக்கும் கோப்பு) கடைசி இணைப்பு விட்டதும் அதன் எல்டிபி அல்லது எல்ஏசிசிடிபி கோப்பு அழிக்கப்படும். அடுத்த படிவம் திறக்கும்போது மறுபடி உருவாகும். படிவத்துக்குப் படிவம் இதே கதை, நடுவில் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு முறையும் அதைச் சோதிக்கும். மென்பொருள் தொடங்கும்போதே பின்தளத்திலுள்ள ஒரு சிறிய அட்டவணையோடு பிணைத்த மறைவான படிவம் ஒன்றைத் திறந்து, மூடும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை, பல இடங்களில் இது ஒன்றே போதும். கூடவே, பின்தள அட்டவணைகளின் பண்புகளில் சப்டேட்டாஷீட் நேம் ஆட்டோ என்று இருந்தால் நன் என்று மாற்றுங்கள். முன்தளக் கோப்பை (படிவங்களும் நிரலும் இருப்பது) ஷேரில் வைத்து எல்லோரும் அதையே திறப்பது வேகத்தையும் கெடுக்கும், கோப்பையும் கெடுக்கும். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நகல் வேண்டும். பின்தள ஃபோல்டரில் எல்லோருக்கும் கோப்பு உருவாக்கவும் அழிக்கவும் அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எழுத மட்டும் அனுமதித்தால் போதும் என்று நினைத்து இதைக் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம்.

ஃபாக்ஸ்புரோவில் தற்காலிகக் கோப்புகள் எங்கே விழுகின்றன என்பதிலிருந்து தொடங்குங்கள். சிஸ்(2023) அந்தப் பாதையைச் சொல்லும். அது ஷேராக இருந்தால் ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் வயரில் இரண்டு முறை பயணிக்கிறது. கான்ஃபிக் கோப்பில் டிஎம்பிஃபைல்ஸ் வரியை உள்ளூர் டிஸ்குக்குத் திருப்பினால் சரியாகும். லூப்புக்குள் அட்டவணையைத் திறந்து மூடும் நிரல் இன்னொரு காரணம். ஒரு திறப்பு என்பது டிபிஎஃப் (டேட்டா), சிடிஎக்ஸ் (இண்டெக்ஸ்), எஃப்பிடி (மெமோ) மூன்றையும் திறப்பது. டிபிசி (டேட்டாபேஸ் கோப்பு) இருந்தால் அதன் கோப்புகளும் சேரும்.

ஃபாக்ஸ்புரோவில் தேடலை வேகமாக்கும் ரஷ்மோர் நுட்பம் இண்டெக்ஸைப் பயன்படுத்த, நிபந்தனையின் இடப்பக்கம் இண்டெக்ஸ் எழுதிய விதத்திலேயே அட்சரம் பிசகாமல் இருக்க வேண்டும். இண்டெக்ஸ் அப்பர்(பெயர்) மீது இருக்க, நிபந்தனையில் வெறும் பெயர் என்று எழுதினால் முழு அட்டவணையும் வந்து இறங்கும். விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் சிஸ்(3054,1) கொடுத்துவிட்டு க்வெரியை ஓட்டினால், முழுதாக உகந்ததா, பகுதியா, இல்லவே இல்லையா என்று அதுவே சொல்லும். ஒன்று மட்டும் கவனம்: டெலீட்டட்() (ரெக்கார்டு அழித்ததா என்று சொல்லும் ஃபங்ஷன்) மீது டேக், அதாவது இண்டெக்ஸ், போட்டால் எப்போதும் வேகம் கூடும் என்ற நம்பிக்கை உள்ளூர் டிஸ்கில் பிறந்தது. லட்சக்கணக்கான ரெக்கார்டில் அழித்தது சிலவே என்றால், அந்த டேக்கைப் படித்து முடிப்பதே நெட்வொர்க்கில் பெரிய சுமை. "முழுதாக உகந்தது" என்று திரையில் வந்தாலும் கடிகாரத்தையும் பாருங்கள்.

ஆன்டிவைரஸை மொத்தமாக நிறுத்த வேண்டியதில்லை. சர்வரிலும் பயனர் கணினியிலும் ஒரே கோப்பை இரண்டு தடவை சோதிப்பதை நிறுத்தினால் போதும். விலக்குப் பட்டியலில் டேட்டா ஃபோல்டரை மட்டும், டேட்டா, இண்டெக்ஸ், மெமோ, லாக் நீட்டிப்புகளோடு சேருங்கள். எக்ஸ்இ கோப்புகளை விலக்காதீர்கள்.

வன்பொருள் பக்கம் பார்க்க அதிகம் இல்லை. ஒரு முனையில் 100 ஃபுல் என்று கட்டாயப்படுத்தி மறுமுனையை ஆட்டோவில் விட்டால், ஆட்டோவில் விட்ட முனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரே நேரத்தில் ஒரு திசை மட்டும்) போய்விடும், பிழை எண்ணிக்கை ஏறும். இரண்டையும் ஆட்டோவில் விடுங்கள். நெட்வொர்க் கார்டின் மின்சேமிப்பை அணையுங்கள். வைஃபை வேண்டவே வேண்டாம், எழுதும் நடுவில் ஒரு நொடி அறுந்தால் இண்டெக்ஸ் கெடும். மேகக் கணக்கோடு ஒத்திசையும் ஃபோல்டரில் டேட்டா கோப்பை வைப்பதும் அதே ஆபத்து. தொலைதூரக் கிளைக்கு விபிஎன் வழியாக ஷேரைத் திறந்து கொடுக்காமல் ரிமோட் டெஸ்க்டாப் கொடுங்கள். மென்பொருள் டேட்டாவின் பக்கத்திலேயே ஓடும், திரை மட்டும் பயணிக்கும்.

இதெல்லாம் எதற்கு, எஸ்க்யூஎல் சர்வருக்கு மாற்றிவிடலாமே என்பார்கள். ஆக்சஸில் ஒரு கோப்புக்கு 2 ஜிபி, ஃபாக்ஸ்புரோவிலும் ஒரு அட்டவணைக்கு 2 ஜிபி என்பதால் வளரும் டேட்டாவுக்கு ஒருநாள் அது தேவைப்படும். ஆனால் நிரலைத் தொடாமல் அட்டவணைகளை மட்டும் ஓடிபிசி (டேட்டாபேஸோடு மென்பொருளை இணைக்கும் பொது முறை) வழியாக இணைத்தால் முன்பைவிட மெதுவாகக்கூடும். நிபந்தனையில் ஆக்சஸின் நிரல் மொழியான விபிஏவில் எழுதிய சொந்த ஃபங்ஷன் இருந்தால் சர்வரால் அதை ஓட்ட முடியாது. ஆக்சஸ் அதற்கான வரிசைகள் அத்தனையையும் வரவழைத்து, பழையபடி பயனர் கணினியில் உட்கார்ந்து வடிகட்டும்.