சுருக்குப்பையில் இருக்கும் வலி மாத்திரை: மூட்டுவலிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் சர்க்கரை மாத்திரையைச் சொல்வார்கள், பிரஷர் மாத்திரையைச் சொல்வார்கள். முழங்கால் வலிக்குப் போடுவதை மட்டும் சொல்ல மாட்டார்கள். வெற்றிலை பாக்கைப் போல அதுவும் பழக்கமாகிவிட்டது. மருந்துக் கணக்கிலேயே வருவதில்லை. மற்றத் தவறுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

குறுவை நடவு நேரத்தில் வந்த ஓர் அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலைக் காம்புகளுக்கு நடுவிலிருந்து கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டு ஒன்று வந்தது. இரண்டு மாத்திரைகள், பின்பக்கத் தாளில் 'ஃபெனாக்' என்ற வால் எழுத்துகள் மட்டும். பெயரின் முன்பாதியும் காலாவதித் தேதியும் வேறு யாரோ வாங்கிய துண்டோடு போய்விட்டன. தஞ்சாவூரில் ஒரு டாக்டர் எழுதித் தந்ததாக இன்னோர் அட்டையையும் காட்டினார். அது அசெக்ளோஃபெனாக். முழங்காலுக்கு அது, இடுப்புக்கு இது என்று இரண்டையும் ஒரே நாளில் போட்டுவந்திருக்கிறார்.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். அட்டையின் நிறமும் கம்பெனிப் பெயரும்தான் மாறும். இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இரட்டிப்பாகக் குறைந்துவிடாது. குடல்புண்ணுக்கும் இரத்தக் கசிவுக்கும்தான் வழி அகலமாகும். கடையில் துண்டாக வாங்க நேர்ந்தால் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பத்து நாளைக்கு என்று எழுதிய சீட்டைக் காட்டி இரண்டு வருடம் வாங்குவதும், மாமியாருக்கு எழுதியதை மருமகள் போடுவதும் வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது சிறுநீரகம். இந்த மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் சுரப்பதைத் தடுக்கின்றன. வீக்கமும் வலியும் குறைவது அதனால்தான். ஆனால் உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குள் இரத்தம் வரும் மடையைத் திறந்துவைப்பதும் அதே பொருள்தான். மாத்திரை அந்த மடையை அடைக்கிறது. எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் வெளியே போகும் வடிகாலை அகலமாக்குகின்றன. நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் வாய்க்காலிலேயே தண்ணீர் குறைந்துவிடும். தலைமடையை அடைத்து வடிகாலைத் திறந்துவிட்டால் வயல் என்னவாகும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நடவுக்குப் போகும் பெண்கள் வெயிலில் குனிந்து நிற்கும் நேரம் முழுவதும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதுதான் காரணம். இதை அவர்கள் குற்றமாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் விடிகாலையில் வெறும் வயிற்றில் வலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டுவிட்டு, மதியம்வரை தண்ணீரில்லாமல் நிற்பது சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். பிரஷர் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருகிறது. வலி மாத்திரை கடையிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பவர் யாருமில்லை. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடமே வலி மாத்திரை அட்டையையும் காட்டி டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளில் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

சாப்பிட்ட பிறகே போட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும்; விரத நாளில் மறந்துவிடுகிறார்கள். கிருத்திகையோ, நாகூர்ப் பக்கம் ரமலான் நோன்போ, மருந்து நேரத்தை முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ளலாம். காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லும் பான்டோபிரசோல் இரைப்பைக்கு மட்டுமே காவல். சிறுநீரகத்தையும் இதயத்தையும் அது காப்பாற்றாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் என்ற மருந்து வயிற்றுக்கு இதமானது என்ற பெயரோடு வந்தது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2004-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். இதய நோயாளிகள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வலி மாத்திரையைக் கடையில் தாங்களாகவே கேட்டு வாங்கவே கூடாது.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வேறு வகை மருந்து; மூட்டுவலிக்கு அது வாரத்தில் ஒரே நாள்தான். வலி மாத்திரையோடு சேர்த்துத் தினமும் போட்டால் வாய் புண்ணாகும், இரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இந்த வலி மாத்திரைகளைத் தொட வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். ஒரே நாளில் வலி பறந்துவிடும் என்று தரும் பெயரில்லாப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

மாத்திரையே வேண்டாம் என்று பயமுறுத்துவது என் எண்ணமில்லை. வலியோடு ஒருவர் வயலில் குனிந்து நிற்பது கொடுமை. முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு பலருக்குப் பயன்படுகிறது. தோலில் தடவுவதால் இரத்தத்தில் கலப்பது குறைவு. தொடைத் தசைக்கான பயிற்சியும் உண்டு. இவற்றை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

சுருக்குப்பை அக்காவுக்கு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையை டாக்டர் எழுதினார். கிளம்பும்போது, மலம் சில நாளாகக் கறுத்துப் போவதாகவும், இரும்புச்சத்து மாத்திரையால்தான் இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், உண்மைதான். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாகவும் துர்நாற்றத்தோடும் போனால், கூடவே தலைசுற்றலும் இருந்தால், அது குடலுக்குள் கசியும் இரத்தமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவரை மறுபடியும் டாக்டர் அறைக்கு அழைத்துப் போனேன்.