யாரைச் சேவிப்பது என்று தீர்மானிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்." யோசுவா 24:15-இல் வரும் இந்த ‘தெரிந்துகொள்ளுங்கள்’ என்ற சொல்லை நான் பல வருஷம் ‘அறிந்துகொள்ளுங்கள்’ என்றே வாசித்துவந்தேன். வேதாகமத் தமிழில் அதற்குத் ‘தேர்ந்தெடுங்கள்’ என்று பொருள். வாழ்க்கையையும் அந்தத் தவறான அர்த்தத்திலேயே நடத்தியிருக்கிறேன். பிரசங்கங்களைக் கேட்டேன், குறிப்புகளை எழுதி நிரப்பினேன், தேவனைப் பற்றி நிறையத் தெரிந்துவைத்திருந்தேன். அவரைத் தெரிந்தெடுக்கும் வேலை மட்டும் அப்படியே கிடந்தது. அறிவு கூடிக்கொண்டே போனால் தீர்மானம் தானாக வந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு.

அடுத்தது, எந்தப் பக்கமும் சாயாமல் கொஞ்ச நாள் இருந்துகொள்ளலாம் என்ற நினைப்பு. கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி இஸ்ரவேல் ஜனங்களிடம், "நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்" என்று கேட்டார் (1 இராஜாக்கள் 18:21). இங்கே ‘குந்தி’ என்பது உட்காருவதைக் குறிக்கவில்லை, நொண்டுவதைக் குறிக்கிறது. அந்த ஜனங்கள் கர்த்தரை வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. பாகால் என்ற அந்நிய தெய்வத்தையும் விடவில்லை, அவ்வளவுதான். கேள்விக்கு அவர்கள் ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை என்று வேதம் எழுதிவைத்திருக்கிறது. அந்த மௌனத்தில் நான் என்னையே பார்க்கிறேன்.

சரி, இரண்டையும் சமாளித்தால் என்ன? இரண்டு இடங்களில் வேலை பார்ப்பவர்கள் இல்லையா? தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் சேர்த்து ஊழியஞ்செய்ய முடியாது, ஒருவனுக்கு இரண்டு எஜமான்கள் ஆகாது என்று இயேசு சொல்லும் மத்தேயு 6:24-ஐ இப்படி வாசிப்பதால்தான் அது மிகைப்படுத்திய பேச்சாகத் தோன்றுகிறது. அங்கே ‘ஊழியஞ்செய்ய’ என்று தமிழில் வந்திருக்கும் கிரேக்க வினைச்சொல், அடிமையாய் இருப்பதைக் குறிக்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் தன் நேரத்தைப் பங்குபோடலாம். அந்தக் கால அடிமைக்குச் சொந்த நேரம் என்று ஒன்று கிடையாது, முழு ஆளும் எஜமானுடையவர். பணம் வைத்திருப்பதை இயேசு அங்கே குற்றமாகச் சொல்லவில்லை. பணம் எஜமானாகி உத்தரவு போடுவதைத்தான் சொல்கிறார். நமக்கு யார் உத்தரவு போடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. கடைசியாக நாம் எதற்குப் பயந்து ஒரு பொய் சொன்னோம்? எது போய்விடும் என்ற கவலையில் தூக்கம் கெட்டது? பலருக்கு அது பணமாகக்கூட இருக்காது, மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதாக இருக்கும். தான் இன்னும் மனுஷரைப் பிரியப்படுத்துகிறவனாக இருந்தால் கிறிஸ்துவின் ஊழியக்காரன் அல்ல என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது இதைத்தான்.

‘ஊழியம்’ என்றதும் நமக்குப் பிரசங்க மேடைதான் ஞாபகம் வருகிறது. அதனால் தேவனைச் சேவிப்பது என்றால் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அழைப்பு உள்ளவர்களுக்கு. கொலோசெயர் 3-இல், எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யும்படி பவுல் சொல்வது வீட்டு வேலை செய்த அடிமைகளிடம்! கிறிஸ்துவைச் சேவிக்கிறவர்கள் என்று அவர்களையே சொல்கிறார்.

நான் அதிகம் யோசித்த தவறு வேறொன்று. அது வாயால் அறிக்கை செய்துவிட்டு எதையும் விடாமல் இருப்பது. முதலில் சொன்ன அதே யோசுவா 24-இல், சீகேம் என்ற ஊரில் இஸ்ரவேல் ஜனங்கள் கர்த்தரையே சேவிப்போம் என்று உற்சாகமாகச் சொன்னபோது அவர்கள் தலைவர் யோசுவா சந்தோஷப்பட்டுக் கூட்டத்தை முடித்துவிடவில்லை. உங்களால் அது முடியாது, அவர் பரிசுத்தமுள்ள தேவன் என்று தடுத்தார். அவர்கள் மறுபடியும் உறுதி சொன்ன பிறகும், உங்கள் நடுவில் இருக்கும் அந்நிய தேவர்களை அகற்றுங்கள் என்றார். அப்படியானால் அவ்வளவு நேரமும் அந்த விக்கிரகங்கள் அவர்களிடம்தான் இருந்திருக்கின்றன. பல தலைமுறைகளுக்கு முன், அதே சீகேம் அருகே, யாக்கோபு தன் வீட்டாரிடமிருந்த விக்கிரகங்களையும் காதணிகளையும் வாங்கி ஒரு கர்வாலி மரத்தடியில் புதைத்திருந்தார். எனவே தீர்மானம் எடுக்கிற அன்று பெரிய வாக்குறுதிகளைவிட, எது போகவேண்டும் என்று ஒரே ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது நல்லது. ஒரு கணக்கு, ஒரு பழக்கம், ஒரு பகை, எதுவாகவும் இருக்கலாம்.

"நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்று யோசுவா அதே வசனத்தில் சொன்னதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டில் உள்ளவர்களை வற்புறுத்துவதும் நடக்கிறது. அந்த வாக்கியம் ‘நானும்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. அதைச் சொன்னவர் ஜனங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைக் கொடுத்தார். இதற்கு நேர் எதிராக, தேவனுக்காக என்று சொல்லி வயதான பெற்றோரைக் கைவிடுவதும் உண்டு. ‘கொர்பான்’ என்று காணிக்கையைக் காரணம் காட்டித் தாய் தகப்பனுக்கு உதவாமல் இருந்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-இல் பாருங்கள்.

அப்புறம், விழுந்துவிட்டால் எடுத்த தீர்மானமே பொய் என்று முடிவு கட்டுவது. சிலுவையை ‘அநுதினமும்’ எடுத்துக்கொள்ளும்படி லூக்கா 9:23 சொல்கிறது, ஒரே நாளில் முடிகிற காரியமாக அல்ல. பேதுரு பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பு அருகே நின்று குளிர்காய்ந்தபடி இயேசுவை மறுதலித்தார். யோவான் 21-இல் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பு, அதன்மேல் மீன். சாப்பிட்டு முடித்ததும் இயேசு பேதுருவிடம் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தடவை கேட்டார். ஆடுகளை மேய்க்கும் பொறுப்பும் அந்தக் கரையிலேயே அவருக்குக் கொடுக்கப்பட்டது.