லேப்டாப் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டதா? முதலில் நகல், அப்புறம்தான் ரிப்பேர்

என் முதல் ஹார்ட் டிஸ்க்கை நானேதான் கொன்றேன். எர்ரர் வந்ததும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பாதிப் படங்களைக் காணோம். செக்டிஸ்க் கோப்பு அமைப்பைச் சீராக்கப் பார்க்குமே தவிர, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. நலிந்த டிஸ்க்கில் அது எழுதவும் செய்யும். 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

முதல் வேலை, லேப்டாப்பை அணைப்பது. ஒருவேளை இந்தத் தடவை வந்துவிடுமோ என்று பத்து முறை ஆன் செய்து பார்க்காதீர்கள்.

அடுத்து, காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே ஒருமுறை ஆன் செய்யும்போது 'டக்... டக்...' என்று சீராகத் தட்டினாலோ, உரசும் சத்தம் வந்தாலோ, கீழே விழுந்த டிஸ்க்காக இருந்தாலோ, இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. டிஸ்க்கைப் படிக்கும் ஹெட், உள்ளே சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. ஒரு தூசியே அதற்கு மலை. வீட்டில் திறக்கக் கூடாது. ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம், உள்ளே ஈரம் படியும். தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் நேராகக் கொடுத்துவிடுங்கள்.

சத்தம் சாதாரணமாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றலாம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு, அடி மூடியைத் திறங்கள். 2.5 அங்குல சாட்டா டிஸ்க் என்றால் யுஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்று போதும், தனி கரண்ட் தேவைப்படாது. சூயிங்கம் பட்டை மாதிரி மெலிதாக இருந்தால் அது எம்.2 எஸ்எஸ்டி, அதற்கு வேறு கேஸ் வாங்க வேண்டும்.

வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். கோப்புகள் தெரிந்து, வேகமாகவும் காப்பி ஆனால், பழுது பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, லேப்டாப்பில்தான். முக்கியமானதை முதலில் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் கிடைக்கும். அது இல்லாமல் கீழே சொல்லும் எதுவும் பலிக்காது.

காப்பி ஊர்ந்தால், நடுவில் நின்றால், உடனே நிறுத்துங்கள். இனி கோப்பு கோப்பாக எடுக்க வேண்டாம், முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது ஒரே பெரிய கோப்பாக, நகல் எடுக்க வேண்டும். அதற்கு டிடிரெஸ்க்யூ (ddrescue), பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கருவி. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸை ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கினால் டிடிரெஸ்க்யூ அதிலேயே இருக்கும். நகல் வைக்க, பழைய டிஸ்க்கின் மொத்தக் கொள்ளளவை விடப் பெரிய டிஸ்க் வேண்டும். 500 ஜிபி டிஸ்க்கில் 80 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் இமேஜ் 500 ஜிபிதான். அந்த டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை அது ஏற்காது.

டிடிரெஸ்க்யூவிடம் மூன்று விஷயங்களை இதே வரிசையில் சொல்ல வேண்டும்: எந்த டிஸ்க்கிலிருந்து, எந்த இமேஜ் கோப்புக்கு, எது நகலானது, எது ஆகவில்லை என்று குறித்துவைக்கும் மேப் கோப்பின் பெயர் என்ன. முதல் இரண்டையும் இடம் மாற்றிவிடாதீர்கள். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் அளவையும் மாடல் பெயரையும் பார்த்து, இரண்டு தடவை சரிபார்த்த பிறகே என்டர் தட்டுங்கள்.

முதல் சுற்றில் 'மைனஸ் என்' (-n, சின்ன எழுத்து) சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களை அதிகம் நோண்டாமல் நகரும். டிஸ்க் எப்போது கண்ணை மூடும் என்று தெரியாதபோது இந்த வரிசைதான் உயிர். அடுத்த சுற்றில் அதை எடுத்துவிட்டு, 'மைனஸ் டி' (-d), 'மைனஸ் ஆர் 3' (-r3) கொடுத்தால் கெட்ட இடங்களை மூன்று முறை திரும்ப முயலும். சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். மேப் கோப்பும் நகல் வைக்கும் டிஸ்க்கிலேயே இருந்தால் கரண்ட் போனாலும் பயமில்லை. அதே மேப் கோப்போடு தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இமேஜ் கைக்கு வந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இனி எல்லா வேலையும் இமேஜின் மேல்தான். முதலில் கோப்புகளை மீட்கும் கருவியான டெஸ்ட்டிஸ்க்: அட்வான்ஸ்ட் பகுதியில் பார்ட்டிஷனைத் தேர்ந்து பட்டியலைத் திறந்தால், ஃபோல்டரும் பெயருமாக அப்படியே காப்பி செய்யலாம். அது கைவிட்டால் ஃபோட்டோரெக் என்ற இன்னொரு கருவி. பெயருக்கு மாறாகப் படம் மட்டுமல்ல, ஆவணங்கள், வீடியோக்களையும் தேடித் தரும். ஆனால் பழைய பெயர்கள் திரும்பாது. எஃப் எழுத்தும் எண்ணுமாக ஆயிரக்கணக்கில் வந்து குவியும், பிரித்து அடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

மீட்டதை நம்பிப் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் சில கோப்புகளையாவது திறந்து பாருங்கள். டிடிரெஸ்க்யூவால் படிக்க முடியாத இடங்கள் இமேஜில் வெற்றாகவே இருக்கும். பெயரும் அளவும் சரியாகத் தெரியும். திறந்தால் புகைப்படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கும்.