ஜம்பிங் சேணம்: மட்டக்களப்பிலிருந்து வாங்குகிறவர்கள் விடும் பிழைகள்

ஜம்பிங் சேணம், அதாவது குதிரையில் தடை தாண்டுவதற்கான சேணம், வாங்கப் புறப்படுகிறவர் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, “17 இஞ்சி இருக்கா?” என்பதுதான். அந்த 17 என்பது சேணத்தின் முகப்பில் பக்கவாட்டாக இருக்கும் ஆணித்தலையிலிருந்து, பின்னால் உயர்ந்திருக்கும் பின்மேட்டின் நடு வரைக்குமான நீளம். ஏறுகிறவர் குந்துவதற்கான அளவு அது. குதிரையின் முதுகு அகலமா ஒடுக்கமா என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. ஆனாலும் காசைக் கட்டி, பார்சல் வாசலுக்கு வந்து சேரும்வரை வேறோர் அளவும் எடுக்காதவர்கள் இருக்கிறார்கள்.

கிழக்கில் இது இன்னும் வில்லங்கம். பாசிக்குடாவிலோ பொத்துவிலிலோ குதிரை வைத்திருப்பவர் அக்கம்பக்கத்தில் நாலு சேணத்தை இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்க முடிகிற நிலைமை இல்லை. வந்து சேர்ந்தது பொருந்தாவிட்டால் அதை வைத்தே சமாளிக்கப் பார்க்கிறோம். சமாளிக்கிற செலவைக் குதிரைதான் கட்டுகிறது.

எனக்குத் தெரிய, எல்லாப் பிழைக்கும் தாய் ஒன்றுதான்: குதிரைக்குப் பொருத்தம் ஒரு கணக்கு, மனிதருக்குப் பொருத்தம் இன்னொரு கணக்கு என்று பிரித்து வைப்பது. சேணத்தில் குந்துகிற இடமான இருப்புச் சிறிதென்றால் ஏறினவர் பின்மேட்டில் போய்க் குந்துவார். பாரம் முழுக்கக் குதிரையின் முதுகின் பின்பக்கத்தில் ஏறும். குதிரைக்குப் பொருந்தாமல் சேணம் முன்னுக்குச் சாய்ந்தால், எவ்வளவு பழகினவரும் காலை ஓரிடத்தில் வைத்திருக்கப் படாதபாடு படுவார். ஒருவருடைய பிழை மற்றவரிடம் போய்ச் சேராமல் இருப்பதே இல்லை.

அளவெடுக்காமல் காசு கட்டுவது

தோலுக்கும் பஞ்சுக்கும் உள்ளே மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஒரு சட்டம் இருக்கிறது. ட்ரீ என்பார்கள். தோல் இளகும், பஞ்சு அமுங்கும். சட்டம் அப்படியேதான் இருக்கும். “போடப் போடச் சரிவரும்” என்று விற்கிறவர் சொன்னால், அவர் தோலைப் பற்றிக் கதைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பதற்குப் பெரிய சாமான் தேவையில்லை. வீட்டு மின்சார வேலைக்குப் பாவிக்கிற தடித்த செப்புக் கம்பி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். குதிரையைச் சமதரையில், நாலு காலிலும் ஒழுங்காக நிற்க விடுங்கள். தலையைக் குனிந்து புல் மேய விட்டுக்கொண்டு அளந்தால் பிழைக்கும். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிப் பிடித்து, அதற்கு இரண்டு மூன்று விரல் பின்னால், பிடரிமேட்டுக்கு (கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேடு) குறுக்கே கம்பியை வைத்து இரண்டு பக்கமும் படிய அழுத்துங்கள். வடிவம் கலையாமல் தூக்கி, காட்போட் மட்டையில் வைத்துக் கோடு கீறி வெட்டினால் குதிரையின் குறுக்குவெட்டு கையில் இருக்கும். முதுகின் நீளவாட்டிலும் அதேபோல ஒன்று எடுத்து வையுங்கள். திகதியை மட்டையிலேயே எழுதுங்கள்; ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் படத்தை அனுப்பினால் பார்த்துப் பதில் சொல்கிற வியாபாரியிடம் வாங்கலாம். “மீடியம் எல்லாத்துக்கும் சரி” என்கிறவரிடம் வேண்டாம். ஒரு கம்பனியின் மீடியமும் இன்னொரு கம்பனியின் மீடியமும் ஒன்றல்ல. இன்னொன்று, அகலம் சரியாக இருந்தாலும் சட்டத்தின் இரண்டு முனைகளும் இறங்குகிற சரிவு குதிரையின் தோள்பட்டைச் சரிவோடு ஒத்துப்போகாவிட்டால் முனை மட்டும் போய்க் குத்தும். இதைப் படத்தில்தான் பிடிக்கலாம், எண்ணில் பிடிக்க முடியாது.

ஒடுக்கமான சேணம் கூடாதென்று பலருக்கும் தெரியும். அதற்குப் பயந்து, “அகலமா எடுத்தா பாதகமில்ல, கீழ துணி போடலாம்” என்று மறுபக்கம் விழுகிறவர்கள்தான் கூட. அகலம் கூடினால் முகப்புத் தாழ்ந்து பிடரிமேட்டில் இறங்கும், சேணம் இரண்டு பக்கமும் ஆடும். ஆள் ஏறின பிறகும் முகப்புக்கும் பிடரிமேட்டுக்கும் இடையில் இரண்டு விரலாவது போக வேண்டும். முதுகெலும்பின் நேர்மேலே உள்ள வாய்க்கால் முன்னிருந்து பின் வரைக்கும் மூன்று நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருக்க வேண்டும். முன்னுக்கு நல்ல அகலமாகத் தொடங்கிப் பின்னுக்கு ஒடுங்கிப்போகிற மலிவுச் சேணங்கள் இருக்கின்றன. கவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

முன்னுக்கு ஏற்றிப் போடுவது

இது ஜம்பிங் சேணத்துக்கே உரிய பிழை. ஏறினவரின் கால் படுகிற அதன் பக்கத்து மடல் மற்றச் சேணங்களைவிட முன்னுக்கு வளைந்திருக்கும். கால் வைக்கிற அங்கவடியைக் கட்டையாக்கினால் முழங்கால் மடிந்து முன்னுக்கு வரும், அதற்கு இடம் வேண்டும் என்பதால் அந்த வெட்டு. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி பெதரிக்கோ கப்ரில்லி (1868–1907) காட்டிக்கொடுத்த முறைக்குப் பிறகுதான் இந்த வடிவம் வந்தது. அதற்கு முன் தடைக்கு மேலால் போகும்போது பின்னுக்குச் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்; அவர் முன்னுக்குக் குனிந்து குதிரையோடு சேர்ந்து போகச் சொன்னார்.

மடல் முன்னுக்கு இருப்பதைப் பார்த்து, சேணத்தையே முன்னுக்குத் தள்ளிப் போடுகிறார்கள். மடல் தோள்பட்டைக்கு மேலே வந்தால் பரவாயில்லை. சட்டத்தின் முனை வரக்கூடாது. முன்காலை நீட்டும்போது தோள்பட்டை எலும்பின் மேல்பகுதி பின்னுக்குச் சுழன்று வரும். தடைக்கு முன்னால் காலை மடக்கித் தூக்குவதற்கும் அந்த எலும்பு தாராளமாக அசைய வேண்டும். அது அசைகிற வழியில் கட்டையான ஒரு முனை நின்றால் குதிரை காலைத் தூக்காது. தடி விழும், அல்லது குதிரை நின்றுவிடும்.

சரியான இடம் கண்டுபிடிக்கச் சேணத்தைப் பிடரிமேட்டில் கொஞ்சம் முன்னுக்கு வைத்து, மயிர் படிகிற திசையில் மெல்லப் பின்னுக்கு இழுங்கள். அதுவாக ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தில் அதன் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். குதிரைக்குப் பதினெட்டுச் சோடி விலா. பதினெட்டாவதுக்குப் பின்னால் பாரம் தாங்க விலாக்கூடு இல்லை. உள்ளூர் மட்டக்குதிரைகளின் முதுகு கட்டை. 18 இஞ்சிச் சேணம் அவற்றில் பலதுக்கு நீளம். ஆள் பெரிது, குதிரை சின்னது என்றால் பதில் சேணத்தில் இல்லை, வேறு குதிரையில்தான் இருக்கிறது.

துணிக்கு மேல் துணி

பொருந்தாத சேணத்துக்கு அடியில் பஞ்சுத் துணி, அதற்கடியில் ஸ்பொன்ஜ், அதற்கடியில் ஜெல் என்று அடுக்குகிறார்கள். சேணம் ஒடுக்கமென்றால் ஒவ்வொரு துணியும் அதை இன்னும் ஒடுக்கமாக்கும். இறுகின இடத்தில் தடிப்புக் கூடினால் இன்னும் இறுகாமல் என்ன செய்யும்?

பலகைப் பாலம் மாதிரி முன்னும் பின்னும் மட்டும் முதுகில் தட்டி நடுவில் இடைவெளி விடுகிற சேணங்களும் உண்டு. வயிற்றுப்பட்டியைக் கட்ட முதல், பக்கவாட்டால் கையை உள்ளே விட்டு முன்னிருந்து பின்னுக்கு ஒரே சீராக நகர்த்திப் பாருங்கள். நடுவில் கை லேசாகப் போய், இரண்டு முனையிலும் நசுங்கினால் பாரம் நாலு மூலையில் மட்டும் ஏறுகிறது. சாதாரண நடைக்கு இது கொஞ்சக் காலம் வெளியே தெரியாது. தடை தாண்டும்போது ஏறினவர் இருப்பிலிருந்து எழும்பி அங்கவடியில் நிற்கிறார். அங்கவடிப் பட்டி தொங்குகிற இரும்பு சட்டத்தின் முன்பகுதியில் இருப்பதால் அவருடைய பாரமும் முன்னுக்கே குவியும். முன்மூலை ஏற்கெனவே குத்துகிற சேணத்தில், தடை வருகிற நேரம்தான் அதிகம் நோகும். குதிரையும் அதைத்தான் ஞாபகம் வைக்கும்.

கல்லடிப் பக்கம் ஒரு தம்பி கேட்டார்: “அண்ணன், இவள் போன மாசம் வரைக்கும் நல்லாத் தாண்டினவள். இப்ப கட்டைக்குக் கிட்டப் போனா நிக்கிறாள். பிடிவாதம் வந்திட்டு.”

“சேணத்தைக் கழட்டு மனே, முதல்ல முதுகைப் பாப்பம். மறுகா பிடிவாதத்தைப் பாப்பம்.”

கழற்றினபோது முழு முதுகும் வேர்த்து நனைந்திருந்தது. பிடரிமேட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ளங்கையளவில் காய்ந்த திட்டு. அழுத்தம் மிஞ்சின இடத்தில் வேர்வை வராது. நாள்கடந்தால் அங்கே தசை வற்றிக் குழிவிழும், வெள்ளை மயிர் முளைக்கும். நுகம் உராய்ந்த எருதின் கழுத்தைப் பார்த்து வளர்ந்த ஊரில், குதிரையின் முதுகில் உள்ள வெள்ளைத் திட்டைச் சாதிக்குணம் என்று சொல்லி விடுவது எனக்கு விளங்குவதில்லை.

தொடையை விட்டுவிட்டு இடுப்பை அளப்பது

உடுப்பு அளவைப் பார்த்து இருப்பளவைத் தீர்மானிக்கிறார்கள். இடுப்பைவிட முக்கியம் தொடையின் நீளம். தடை தாண்டுகிற அளவுக்கு அங்கவடியைக் கட்டையாக்கி, இருப்பின் நடுக்குழியில் குந்திப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு கையளவு இடம் மிஞ்ச வேண்டும். முழங்கால் மடலுக்குள், முட்டிமெத்தைக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். முழங்கால் மடலைத் தாண்டி வெளியே போனால் மெலிந்தவருக்கும் அந்தச் சேணம் சின்னதுதான். நீளத் தொடைக்காரர் பெரிய இருப்பு எடுப்பதைவிட முன்னுக்கு இன்னும் வெட்டின மடல் எடுப்பது பல நேரம் சரிவரும். இருப்பு நீண்டால் குதிரையின் விலாவைத் தாண்டுமே.

இருப்பின் ஆகப் பள்ளமான இடம் நடுவில் இருக்க வேண்டும். பின்னுக்கு இருந்தால் கால் முன்னுக்கு ஓடும். தடைக்கு மேலால் போகும்போது நீங்கள் பிந்துவீர்கள், பிந்தின கை கடிவாளத்தை இழுக்கும். பெரிய முட்டிமெத்தை பாதுகாப்பென்று நம்பிக் காசு கூடக் கொடுக்காதீர்கள். அது முழங்காலைச் சரியான இடத்தில் தாங்கினால் நல்லது, பிழையான இடத்தில் பிடித்தால் உங்களைப் பிழையாகவே வைத்திருக்கும்.

அங்கவடி உங்கள் சப்பாத்தைவிட ஒரு இஞ்சி அகலமாக இருக்கட்டும். பட்டி தொங்கும் இரும்பின் நுனியில் ஒரு சின்ன மடிப்பு உண்டு. அதை மேலே மடக்கிப் பூட்டாமல் நேராகவே விடுங்கள். விழுந்தால் பட்டி கழன்று வர வேண்டும். செருப்போடு ஏறுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஒருமுறை பார்த்தால் போதுமென்று நினைப்பது

மட்டையில் திகதி எழுதச் சொன்னது இதற்குத்தான். ஆடி, ஆவணியில் கச்சான் அடித்துப் புல் கருகும்போது குதிரை மெலியும். மாரி மழைக்குப் பிறகு பச்சை கண்டதும் உடம்பு வைக்கும். தை மாதம் கச்சிதமாக இருந்த சேணம் ஆவணியில் பிடரிமேட்டில் இறங்கும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தொரோபிரெட் குதிரைக்கு இது இன்னும் கூட. ஒழுங்கான பயிற்சியில் தோள்தசை வைக்க வைக்க அதன் அளவே மாறிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை கம்பியை வைத்துப் புதுக்கோடு கீறிப் பழையதோடு ஒப்பிடுங்கள்.

அதனால் எங்கள் பக்கத்துக்கு, சட்டத்தின் முகப்பு அகலத்தைத் தீர்மானிக்கிற முன்னிரும்பை மாற்றக்கூடிய சேணம்தான் என் தெரிவு. அவுஸ்திரேலியாவின் வின்டெக், பேட்ஸ் சேணங்களில் திருகாணியைக் கழற்றி வேறு அகல இரும்பைப் போடலாம். வின்டெக் செயற்கைப் பொருளில் செய்தது. மாரிக்குப் பூஞ்சணம் பிடிக்கிற தோலோடு மல்லுக்கட்டுகிற வேலையும் குறையும். தோலின் அழகு அதில் இல்லை, அது உண்மை. இந்தியாவின் கான்பூரிலிருந்து வருகிற தோல் சேணங்கள் விலை குறைவு. தரம் மேலும் கீழுமாக இருக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பழையது வாங்குவதானால் சட்டம் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். முகப்பை வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பின்மேட்டை உங்களை நோக்கி இழுங்கள். கொஞ்சம் நெளிந்து திரும்பினால் சரி. கறகறவென்று சத்தம் வந்தால், இருப்பின் தோல் நடுவில் மடிந்து சுருங்கினால், இனாமாகத் தந்தாலும் வேண்டாம். முன் முனைகள் இரண்டையும் பிடித்து உள்ளுக்கு அழுத்தியும் பாருங்கள். பின்னால் நின்று பார்க்கும்போது முதுகில் படிகிற அடி மெத்தைகளான இரண்டு பேனலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

பேனல் அமுங்கிப்போனதென்று ஆட்டோ சீட் அடிக்கிற குஷன் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். கைத்திறமையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது; அவர்கள் மனிதர் குந்துகிற பக்கத்தைத் தெரிந்தவர்கள். கட்டையான ஸ்பொன்ஜையோ இலவம் பஞ்சையோ திணித்து, பார்க்க நல்ல உருண்டையாகத் தைத்துத் தருவார்கள். உருண்டையான பேனல் முதுகில் ஒரு கோட்டில் மட்டும்தான் முட்டும், இலவம் பஞ்சு சில வாரத்திலேயே கட்டிகட்டியாகும். பேனலுக்குள் வழக்கமாகப் போவது கம்பளி. அதை இரண்டு பக்கமும் சமமாக, குதிரையின் வடிவம் பார்த்து நிரப்ப வேண்டும். குஷன் கடையில் பிய்ந்த மடலின் ஓரத்தைத் தைக்கக் கொடுக்கலாம். வயிற்றுப்பட்டி பூட்டுகிற வார்களைக் கொடுப்பதானால், மடலைத் தூக்கி அவை சட்டத்தோடு தைத்திருக்கும் மூலத்தை அவருக்குக் காட்டி, அங்கே எத்தனை வரிசைத் தையல் இருந்ததோ அத்தனையும் திரும்ப வர வேண்டுமென்று சொல்லி, முடிந்ததும் நீங்களே இழுத்துப் பார்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.