காற்று குறைந்த நாளில் டிங்கி பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

டிங்கி என்கிற சிறிய பாய்ப்படகு பழக வருகிறவர்களைப் பெரும்பாலும் காற்று குறைவான நாளில்தான் முதலில் தண்ணீரில் இறக்குவார்கள். கவிழ்ந்துவிடுவோமோ என்ற பயம் அதிகம் வேண்டாம் என்பது சரிதான். ஆனால் பயம் இல்லை என்பதால் சுலபம் என்று ஆகிவிடாது. நல்ல காற்றில் அரைகுறையாக ஓட்டினாலும் படகு எப்படியோ போய்விடும். காற்று 3 நாட்டுக்கு (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், ஏறக்குறைய 1.85 கி.மீ.) கீழே இறங்கிவிட்டால் ஒவ்வொரு தப்புக்கும் படகு நின்று காட்டும்.

காற்றின் பலத்தைக் குறிக்கும் போஃபர்ட் அளவுகோலில் இது 1-ஆம் எண்: 1 முதல் 3 நாட் வரை, அதாவது வேகமாக நடக்கிறவரின் வேகம்கூட இருக்காது. தண்ணீரின்மேல் மீன்செதில் போலச் சிற்றலை தெரியும், அவ்வளவுதான். பாயின் மேல் விழும் விசை காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் 6 நாட் 3 ஆகக் குறைந்தால் விசை பாதியாவதில்லை, கால்வாசி ஆகிவிடுகிறது. படகு பிடித்து வைத்திருக்கிற அந்தச் சின்ன ஓட்டத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றைக்கு நமக்கு வேலை.

முதலில் கெடுப்பது நம் கைதான். படகு நகரவில்லையே என்று, பாயை இழுக்கவும் விடவும் பயன்படும் மெயின்ஷீட் கயிற்றை இழுத்து இழுத்துப் பாயை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். பாய் விறைப்பாக நிற்பதைப் பார்த்தால் ஏதோ வேலை செய்வது போலத் தோன்றும். உண்மையில், மெதுவாக வருகிற காற்றால் அந்த வளைவை ஒட்டித் திரும்பிப் போக முடியாமல் பாயை விட்டுப் பிரிந்துவிடுகிறது. பாயில் ஒட்டியிருக்கும் நூல்களைப் பாருங்கள். காற்று போகும் பக்கத்து நூல் துவண்டு படபடத்தால் இழுத்தது அதிகம். பாயின் முன்விளிம்பு லேசாகத் துடிக்கும்வரை கயிற்றை விடுங்கள், துடிப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் திரும்ப இழுங்கள். பூமை, அதாவது பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கட்டையை, கீழே இழுத்துப் பிடிக்கிற வாங் கயிறும் தளர்வாக இருக்கட்டும். அது இறுகினால் பாயின் மேல்பாதி மூடிக்கொள்ளும். மேலேதான் கொஞ்சம் கூடுதல் காற்று இருக்கிறது, அதைப் போய் அடைப்பானேன்? அதற்காகப் பாய்க்குப் பெரிய தொந்தி வைத்துவிடவும் கூடாது. இவ்வளவு மெல்லிய காற்று ஆழமான வளைவைச் சுற்றி வராது.

காற்றுக்கு எதிராகப் போகும்போது இன்னொரு ஆசை வரும்: இலக்கை நோக்கி மூக்கை இன்னும் கொஞ்சம் திருப்பிவிடலாமே! திருப்பினால் வேகம் விழும், வேகம் விழுந்தால் படகின் அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் சென்டர்போர்டு பலகைக்குப் பிடிமானம் போகும், அப்புறம் படகு பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருக்கும். மூக்கு மட்டும் சரியான திசையைக் காட்டும். நாலைந்து டிகிரி விலக்கி ஓட்டினால் தூரம் கூடினாலும் முன்னதாகப் போய்ச் சேர்வீர்கள்.

உட்காரும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லேசர் என்ற பெயரில் பழகிய, ஒருவர் ஓட்டும் ஐஎல்சிஏ டிங்கியின் உடல் எடை ஏறக்குறைய 59 கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ என்றால் படகைவிட மனிதர் கனம். அவர் டக்கென்று இடம் மாறினால் பாய் உதறி, பிடித்திருந்த காற்றைக் கொட்டிவிடும். தூளியில் குழந்தை தூங்கும்போது அந்த அறையில் எப்படி நடப்போமோ அப்படி நகருங்கள். பழக்கதோஷத்தில் பின்பக்கம் போய் உட்காருவதும் தப்பு. பின்பலகை நீரில் அமிழ்ந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். பின்னால் களகளவென்று சத்தம் கேட்டால் அதுதான். முன்னால் தள்ளி உட்கார்ந்து, படகைக் காற்று போகும் பக்கமாகக் கொஞ்சம் சாயவிடுங்கள். பாய் தன் எடையாலேயே தொங்கி வடிவம் பெறும், நீரில் உரசும் பரப்பும் குறையும். பலத்த காற்றில் படகை நிமிர்த்தியே வைக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள்தான் இங்கே சாய்க்கச் சொல்கிறார்கள். முரண்பாடு இல்லை, காற்று வேறு.

சுக்கான் ஒரு பிரேக். அதைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை ஆட்டிக்கொண்டே இருந்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டுவது போலத்தான். படகைத் திருப்ப முதலில் உடல் சாய்வைப் பயன்படுத்துங்கள். டேக் அடிக்கும்போது, அதாவது மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே மறுபக்கம் திருப்பும்போது, டில்லரைச் சட்டென்று தள்ளினால் பாதித் திருப்பத்திலேயே, மூக்கு காற்றைப் பார்த்தபடி, நின்றுவிடும். படகைச் சாய்த்துத் திருப்பி, மறுபக்கம் வந்ததும் மெல்ல நிமிர்த்தும் ரோல் டேக்கைப் பழகுங்கள். போட்டிகளில் இதற்கும் வரம்பு உண்டு. திருப்பத்தை முடித்த உடனே வேகம், திருப்பாமலே போயிருந்தால் இருந்திருக்கும் வேகத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்கிறது பந்தய விதி 42.

பலரைக் குழப்புவது காற்று திசை மாறியதாகத் தோன்றும் பிரமை. காற்று திடீரென விழுந்துவிடும், படகு மட்டும் பழைய வேகத்தில் இன்னும் சறுக்கிக்கொண்டிருக்கும். அப்போது முகத்தில் படுவதில் பெரும்பங்கு படகின் ஓட்டமே உண்டாக்கும் எதிர்க்காற்று. பாயின் முன்விளிம்பு துடிக்கும். காற்று முன்னால் திரும்பிவிட்டது என்று நினைத்துப் படகை விலக்கித் திருப்புவார்கள், மிச்ச ஓட்டமும் போய்விடும். சில விநாடி பொறுங்கள். புதிதாக ஒரு வீச்சு வரும்போது இதற்கு நேர்மாறு: உணரும் காற்று பின்னால் நகரும், அப்போது ஷீட்டைக் கொஞ்சம் விட வேண்டும். வீச்சு வருவதைத் தண்ணீர் முன்கூட்டியே சொல்லும். கண்ணாடிப் பரப்பில் கறுத்துத் தெரிகிற திட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் காற்று. ஆனால் புதிதாகப் பழகுகிறவர்களின் கண் பெரும்பாலும் கயிற்றிலேயே இருக்கும்.

காற்றோடு நேராக ஓடுவதும் பலன் தராது. காற்று 3 நாட், படகு 1 நாட் என்றால் பாய்க்குக் கிடைப்பது 2 மட்டும். கொஞ்சம் கோணம் வைத்து ஓட்டுங்கள், சென்டர்போர்டையும் பாதிக்கு மேல் தூக்கிவிடுங்கள்.

கடைசியாக, திரும்பி வருவது. படகே 1 நாட்டில் போகிறபோது 1 நாட் நீரோட்டம் எதிரே வந்தால் பாயெல்லாம் பிடித்தும் கரை நெருங்காது. அதனால் போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போய், வரும்போது அதோடு வாருங்கள். துடுப்பு, தண்ணீர், தொப்பி மூன்றும் படகில் இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், புழுக்கத்தில் கழற்றிக் காலடியில் போடாதீர்கள். காற்று அடியோடு நின்றுவிட்டால், இருட்டும்வரை காத்திருக்காமல் வெளிச்சம் இருக்கும்போதே துடுப்பை எடுத்துவிடுங்கள்.