பழைய பெண்டுலம் கடிகாரம் வாங்குவது எப்படி? முதன்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாலுக்குப் பழைய சுவர்க்கடிகாரம் தேடுபவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். செதுக்கு வேலை, உச்சியில் மகுடம், கண்ணாடிக்குப் பின்னால் பித்தளைப் பெண்டுலம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் மெஷின், அப்புறம் டயல், கடைசியில்தான் பெட்டி. நின்றுபோன கடிகாரத்தை வீட்டில் மாட்டக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சாஸ்திரம் எப்படியோ, அலங்காரக் கணக்கிலும் அதுதான் சரி. பெண்டுலம் ஆடி, மணி அடித்தால்தான் அந்த அறைக்கே ஒரு களை வரும்.

படி 1: கடைக்குப் போகும் முன் சுவரைப் பாருங்கள்

மாட்டப்போகும் இடத்தின் நீள அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடையில் சின்னதாகத் தெரியும் கடிகாரம், தாழ்வான கூரையுள்ள பிளாட்டில் பூதாகாரமாக நிற்கும். மேற்கு வெயில் நேராக விழும் சுவர், சமையலறைப் புகை வரும் இடம், அடிக்கடி அறைந்து சாத்தும் கதவுக்குப் பக்கத்துச் சுவர் மூன்றும் ஆகாது.

சத்தத்தையும் யோசியுங்கள். டயலில் ஒரு சாவித்துளை இருந்தால் அது நேரம் மட்டும் காட்டும். இரண்டு இருந்தால் மணியும் அடிக்கும். மூன்று இருந்தால் கால் மணிக்கொரு தரம் இசையும் உண்டு. படுக்கையறைக்கு ஒற்றைத் துளைதான் நல்லது.

படி 2: பெயரையும் ஊரையும் தேடுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினால் ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் கடிகாரங்களைப் பார்க்கலாம். ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் 1861-இல் கருங்காட்டுப் பகுதியின் ஷ்ராம்பெர்க் ஊரில் தொடங்கியது. எட்டு முனை நட்சத்திரத்துக்குள் ஒரு எழுத்து இருப்பது அதன் முத்திரை. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு அம்புகள் இருந்தால் அது ஹாம்பர்க் அமெரிக்கன் என்ற ஜெர்மன் கம்பெனி. ஜப்பானின் செய்கோஷா 1892-இல் தொடங்கியது. இன்றைய செய்கோவின் மூலம் அதுதான். அமெரிக்காவின் ஆன்சோனியா தன் தொழிற்சாலை எந்திரங்களை 1929-இல் சோவியத் ரஷ்யாவுக்கு விற்றுவிட்டது. அதனால் நியூயார்க்கின் புரூக்ளினில் செய்த ஆன்சோனியா என்றால் அதற்கு முந்தையதாகத்தான் இருக்க வேண்டும்.

டயலில் உள்ள பெயரை மட்டும் நம்ப வேண்டாம். டயலை மாற்றுவது சுலபம். மெஷினின் பித்தளைத் தகட்டில் குத்தியிருக்கும் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் அது 1949-க்குப் பிந்தையது. நூறு வருடப் பொருள் என்று யாராவது சொன்னால் விலகிவிடலாம். 'ஆக்கிரமிப்பு ஜப்பான்' (Occupied Japan) என்றிருந்தால் 1945-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. பெட்டியில் கூட்டல் குறி போட்ட திருகாணி இருந்தால், அது 1930-களுக்குப் பிறகு யாரோ போட்டது. பழுது பார்த்தபோதுகூட மாற்றியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்க அது ஒரு காரணம்.

100 வயதைத் தாண்டிய பழம்பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துப் போக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. ஊருக்கு வந்து வாங்கிப் போக நினைக்கும் வெளிநாட்டுத் தமிழர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

படி 3: காதால் சோதியுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. கடிகாரத்தைச் சுவரில் மாட்டி, சாவி கொடுத்து, பெண்டுலத்தை ஆட்டிவிடச் சொல்லுங்கள். மேஜையில் சாய்த்து வைத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெண்டுலம் தொங்கினால்தான் உண்மை தெரியும்.

இப்போது கண்ணை மூடிக் கேளுங்கள். 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். நொண்டுவது போலக் கேட்டால் கடிகாரத்தின் அடிப்பக்கத்தை மெல்ல இடமோ வலமோ நகர்த்திப் பாருங்கள். ஒரு இடத்தில் சத்தம் சீரானால் மெஷினில் கோளாறு இல்லை, மாட்டிய விதம்தான் கோணல். எப்படி நகர்த்தியும் சீராகாமல் சில நிமிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே வேலை இருக்கிறது.

அடுத்து பெரிய முள்ளை முன்பக்கமாக மெல்லத் திருப்பி, ஒவ்வொரு அரை மணிக்கும் முழு மணிக்கும் நின்று, அடித்து முடியும்வரை காத்திருங்கள். பின்பக்கம் திருப்பவே கூடாது. முள் ஆறு காட்டும்போது மணி நாலு அடித்தால் பதற வேண்டாம். பழைய அமெரிக்கக் கடிகாரங்கள் பலவற்றில் மணியின் எண்ணிக்கையை விளிம்பில் வெட்டுகள் உள்ள ஒரு சக்கரம்தான் முடிவு செய்யும். முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. மணிக்கான ஸ்பிரிங் ஒருமுறை தளர்ந்துபோனாலே கணக்கு பிசகிவிடும். தெரிந்தவர் நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். இந்தக் காரணத்தைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், ஆனால் வேண்டாம் என்று விடத் தேவையில்லை.

டார்ச் அடித்து மெஷினைப் பாருங்கள். சக்கரங்களின் அச்சு நுழையும் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கின்றனவா? துளையைச் சுற்றி ஆணியால் குத்திய புள்ளிகள் இருந்தால், தேய்ந்த துளையை யாரோ தட்டி நெருக்கியிருக்கிறார்கள். இது மலிவு வேலை. கறுத்த பிசின் போல எண்ணெய் உறைந்திருந்தால் சுத்தம் செய்யும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டாலே ஓடும் என்று சொல்பவரிடம் கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள்.

படி 4: டயலும் பெட்டியும்

மங்கிய பழைய டயல், பளபளக்கும் புது டயலைவிட மதிப்பு கூடியது. எனாமலில் மயிரிழை விரிசல் இருந்தால் பரவாயில்லை. ரோமன் எண்ணில் நாலு என்ற இடத்தில் நாலு கோடுகள் இருப்பது பிழையும் இல்லை, போலியும் இல்லை. கடிகார டயல்களில் காலங்காலமாக அப்படித்தான் போடுகிறார்கள்.

பெட்டியின் உட்புறப் பின்பலகையில் காலியான திருகாணித் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், வேறொரு மெஷின் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறது. மரத்தைத் தட்டினால் மாவு கொட்டினால் உளுத்துப்போன பெட்டி அது. வீட்டு மரச் சாமான்களுக்கும் பரவும்.

நல்ல பெட்டிக்குள் பேட்டரி மெஷின் போட்டு விற்பது இப்போது பரவலாகிவிட்டது. அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. தோல் மட்டும் மிஞ்சுகிறது, உயிர் போய்விடுகிறது.

படி 5: இந்த இரண்டில் உஷார்

'விக்டோரியா ஸ்டேஷன், லண்டன், 1747' என்று எழுதிய இரட்டை முகப் பித்தளைக் கடிகாரம் எங்கும் கிடைக்கும். விக்டோரியா ஸ்டேஷன் திறந்ததே 1860-இல். 1747-இல் உலகில் நீராவி ரயிலே கிடையாது. அது புதுச் சரக்கு. பிடித்திருந்தால் புதுச் சரக்கின் விலைக்கு வாங்குங்கள்.

இன்னொன்று, இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளில் பூச்சு பூசிய பழைய அலாரம் டைம்பீஸ். 1960-களுக்கு முந்தையவற்றில் உண்மையான ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு குறையாது. ரேடியம் பாதியாகவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறக்காமல், சுரண்டாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

படி 6: கொண்டுவருவதும் மாட்டுவதும்

வண்டியில் ஏற்றும் முன் பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றிக்கொள்ளுங்கள். கழற்றாவிட்டால் அது தொங்கும் மெல்லிய எஃகுத் தகடு வளைந்துவிடும். சுவரில் வெறும் ஆணி போதாது. துளையிட்டுப் பிளக் வைத்துத் திருகாணி போடுங்கள். ரசமட்டம் வைத்து நேராக்கினாலும் கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான். சத்தம் சீரான இடத்தில் பெட்டியின் அடியைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டால், தூசி தட்டும்போது நகர்ந்தாலும் திரும்ப வைக்கலாம்.

நேரம் பின்தங்கினால் பெண்டுலக் குண்டின் கீழுள்ள திருகைச் சுற்றிக் குண்டை மேலே ஏற்றுங்கள். முந்தினால் கீழே இறக்குங்கள். ஒரு சுற்றுக்கு மேல் போகாமல், ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகே அடுத்த சுற்று. ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரம் என்றால் வாரத்தில் ஒரே கிழமையில் சாவி கொடுங்கள். ராத்திரி மணிச் சத்தம் தொந்தரவாக இருந்தால் மணிக்கான துளையில் சாவி கொடுக்காமல் விடலாமா என்று ரிப்பேர்காரரிடம் கேட்டுவிடுங்கள். சில மெஷின்களில் விடலாம், சிலவற்றில் அப்படி விட்டால் பன்னிரண்டைத் தாண்டும்போது கடிகாரமே சிக்கி நின்றுவிடும்.