வேலூர் வெயிலில் திசு பிளாக் இளகாமல் இருக்க

வேலூர், காட்பாடி பக்கம் ஆய்வகங்களில் திசு வெட்டிப் பழகும் தம்பி தங்கைகளுக்கு இது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஏசி இல்லாத அறையில் பாரஃபின் பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) இளகிவிடும். பிளாக்கை மெல்லிதாகச் சீவும் மைக்ரோடோம் கருவியில் வரும் ரிப்பன், அதாவது தொடர்ச்சியான சீவல்கள், சுருங்கி மடியும். கோடைக்கு உருகுநிலை 58–60 டிகிரி உள்ள மெழுகாகப் பார்த்து வாங்குங்கள். மெழுகுத் தொட்டியின் சூடு அதைவிட 2 முதல் 4 டிகிரி கூடுதலாக இருந்தால் போதும். அதிகமானால் திசு முறுகிவிடும். வெட்டும் முன் பிளாக்கின் முகத்தைப் பனிக்கட்டி மேல் சிறிது நேரம் கவிழ்த்து வையுங்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் வெயில் மேல் போட வேண்டாம். துண்டு 3–4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தாலோ, திசுவைப் பதப்படுத்தும் 10% ஃபார்மலின் திரவம் திசுவைப்போல் பத்து மடங்காவது இல்லாவிட்டாலோ, உள்பகுதி சரியாகப் பதப்படாது. அப்புறம், திசுவிலுள்ள தண்ணீரை எடுக்கும் ஆல்கஹால். ஆல்கஹாலுக்கு அடுத்து, மெழுகுக்கு முன் திசுவை இடும் சைலீன் பால்போலக் கலங்கினால் திசுவில் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்; அப்படியே மெழுகுக்கு அனுப்பாதீர்கள். புதிய அப்சல்யூட் (தண்ணீர் கலக்காத) ஆல்கஹாலுக்குத் திருப்பி விடுங்கள்.

பிளாக் செய்யத் திசுவை மெழுகு அச்சில் வைக்கும்போதுதான் அவசரமே கூடாது. தோலைப் படுக்க வைத்தால் மேல்தோலும் அடித்தோலும் ஒரே வெட்டில் கிடைக்காது; விளிம்பில் நிறுத்துங்கள். குடல்வால் போன்ற குழாய்த் துண்டில் வட்டவாய் கீழே இருக்க வேண்டும். ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவே இந்த ஒரு நொடியில் இருக்கிறது. திசுவை வைக்கும் சிறு பெட்டியான கேசட்டில் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.